கை புகாத இடத்துத் துரு

1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் முறைப்படி திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணன். 1888இல் அவர் பிறந்த ஊர் திருத்தணி. தத்துவப் பேராசிரியராய் உலகறிந்த ஒருவரின் கையால், இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, அதை எவ்வாறு தடுப்பது என்பன போன்ற வினாக்களைத் தம் வேலையாகக் கொண்ட ஒரு கூடம் தொடக்கம் பெற்றது. வரலாற்றில் இத்தகைய சந்திப்புகளுக்குப் பெரிய பொருள் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும், திருத்தணியில் இன்று ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டியைத் துருநீக்கும் கைவினைஞர் பின்பற்றும் வழி எங்கிருந்து வந்தது என்று தேடிச் செல்வோமாயின், அந்த வழி காரைக்குடியையும் எழும்பூரையும் தொட்டுக்கொண்டுதான் செல்லுகிறது. அதனை இங்கே சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் ஊரைப் பற்றி ஒரு சொல். காரைக்குடித் திறப்பு விழா நடந்தபொழுது திருத்தணி சென்னை இராஜ்யத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபொழுது ஊரும் அம்மாநிலத்தோடு சென்றது. ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் அளித்த தீர்ப்பின்படியும், 1960 ஏப்ரல் முதல் நாள் அது மீண்டும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. எல்லை நகர்ந்தாலும் பட்டறைகளின் பேச்சு நகரவில்லை. இன்றும் இங்குள்ள மெக்கானிக்குகள் ஒரு கேள்வியைத் தமிழில் கேட்டு, விடையைத் தெலுங்கில் பெறுவார்கள். சித்தூர்ப் பதிவெண் கொண்ட வண்டியும் திருவள்ளூர்ப் பதிவெண் கொண்ட வண்டியும் ஒரே நிழலில் கழற்றப்பட்டுக் கிடக்கும்.

அவ்வாறு கழற்றப்படும் பழைய வண்டிகளுள் தலையாயது புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் 1932இல் முதன்முதலாகப் புல்லட் என்னும் பெயரைச் சூட்டினர். இந்தியப் படைக்கும் காவல் துறைக்கும் எல்லைப்புறக் கரடுமுரடான பாதைகளில் ஓடவல்ல வண்டி தேவைப்பட்டபொழுது, 1950களின் தொடக்கத்தில் இப்புல்லட்டே தேர்ந்தெடுக்கப்பட்டது. அத்தேவையை நிறைவு செய்ய 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. வட சென்னையில், கடலுக்கு அருகே, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய் நிறுவனம் பின்னாளில் மறைந்தது. சென்னைப் பிள்ளை மட்டும் வாழ்ந்தது. காவலர், மின்வாரியத்து அலுவலர், நாட்டு மருத்துவர், கிளைக் கிராமங்களுக்குப் பூசை வைக்கச் சென்ற பங்குத் தந்தையர் எனப் பலரையும் அது சுமந்தது. எஞ்சினின் துடிப்பொலியைப் புகழாதார் இல்லை. அதன் பெட்ரோல் தொட்டியின் உட்புறத்தை எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே.

தொட்டி, பேச்சு வழக்கில் டேங்க், மெல்லிய எஃகுத் தகட்டால் ஆனது. இரு பாதிகளாக அழுத்தி எடுத்துப் பற்றவைத்து மூடப்படுவது. வண்டியின் முதுகெலும்புக் குழாய் ஊடுசெல்லும்படி அடிப்புறத்தில் ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள்; அதனால் இருபுறமும் இரண்டு மடிகள் தொங்கும். வெளிப்புறத்துக்கு வண்ணம், தங்கக் கோடு, மெருகு எல்லாம் உண்டு. திருவொற்றியூரில் அக்கோடுகளைத் தூரிகை பிடித்துக் கையாலேயே வரைந்தார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. உட்புறத்துக்கோ எதுவும் இல்லை. பெட்ரோலே அதற்குக் காவல் என்று விட்டுவிட்டார்கள். பெட்ரோல் நிறைந்திருக்கும்வரை அது நல்ல காவல்தான். தொட்டி பாதி காலியாகி, வண்டி மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கத் தொடங்கும்பொழுது காவல் தளர்கிறது.

தளர்வது எவ்வாறு? பகலில் தகடு சூடேற, உள்ளிருக்கும் காற்றும் ஆவியும் விரிந்து மூடியின் நுண்துளை வழியே வெளியேறுகின்றன. இரவில் தகடு குளிர, வெளிக்காற்று ஈரத்தோடு உள்ளே இழுக்கப்படுகிறது. தொட்டி மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். கோடையில் தமிழகத்தின் கடுவெப்பப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் திருத்தணி போன்ற ஊரில், பாறைக்குன்றுகள் பகலில் காய்ந்து இரவில் தணியும் நிலத்தில், இம்மூச்சு ஆழமானது. வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்று வரும்பொழுது ஒவ்வொரு மூச்சும் சில துளி நீரை உள்ளே விட்டுச் செல்லும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆகவே அடியில் இறங்கித் தேங்கும். பெட்ரோல் காக் ஒரு மடியில் பொருத்தப்பட்டிருந்தால், மறுமடியில் தேங்கியது வெளியேற வழியே இல்லை. துரு அங்கேதான் பிறக்கிறது. பற்றவைத்த விளிம்பு ஓரங்களில் அது வேகமாகப் பரவுகிறது.

துரு என்பது இரும்பும் நீரும் உயிர்வளியும் சேர்ந்து உண்டாகும் ஒரு சேர்மம். தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் அது இரண்டு மடங்குக்கு மேல் இடம் கொள்ளும். பருத்து, உதிர்ந்து, தூளாகிக் கீழே விழும், விழுந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்படும், அதுவும் அரிக்கப்படும். செம்பின் மேற்படியும் களிம்போ பெரும்பாலும் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். நம் மொழி இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைக்காமல், செம்புக்குக் களிம்பு, இரும்புக்குத் துரு என்று பிரித்து வைத்திருப்பது கருதத்தக்கது. சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமையாகச் செம்பிற் களிம்பை எடுத்தாண்டது தற்செயலன்று எனத் தோன்றுகிறது. செம்பு தோன்றியபொழுதே களிம்பும் உடனிருந்தது என்பது அவர்கள் கருத்து. இரும்பின் துருவோ வெளியிலிருந்து வருவது. ஈரம் விலகினால் நிற்பது. பட்டறைக்காரருக்கு இவ்வேறுபாடு தத்துவம் அன்று, அன்றாட வேலை.

துரு நீக்கத்தின் மிகப் பழைய வழி தேய்ப்பது. மணல், தேங்காய் நார், சாம்பல், புளி என நம் அடுக்களைகள் அறியாத கருவி இல்லை. ஆனால் டேங்க் என்பது கை புகாத பாத்திரம். பெட்ரோல் ஊற்றும் வாய் மூன்று விரல் அகலம். அதனுள் துணியைத் திணிக்கலாமே தவிரத் தேய்க்க முடியாது. ஆகவே கைவினைஞர் தேய்க்கும் பொருளையே உள்ளே அனுப்பினர். கூழாங்கல், சிறு ஜல்லி, நட்டு, போல்ட்டு, சைக்கிள் சங்கிலித் துண்டு ஆகியவற்றை உள்ளே இட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, வாயை அடைத்து, இருவர் மாறி மாறிக் குலுக்குவார்கள். உதிரும் தூள் வெளியேறும். ஒட்டிய துரு மடியின் மூலைகளில் அப்படியே இருக்கும். குலுக்கிய கற்களை எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க வேண்டும் என்பது இத்தொழிலின் முதற்பாடம். ஒன்று உள்ளே தங்கினாலும் ஓடும்பொழுதெல்லாம் கலகலக்கும்.

அடுத்த வழி அமிலம். பட்டறைகளில் நெடுநாளாய்ப் புழங்குவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழிவறை கழுவ விற்கப்படும் அதே ஆசிட். நிமிடக் கணக்கில் துருவைக் கரைத்துவிடும். ஆனால் எது துரு, எது இரும்பு என்று அது பார்ப்பதில்லை. துரு கரைந்த பின்னும் இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். அறுபது ஆண்டுகளில் ஏற்கெனவே மெலிந்துவிட்ட தகட்டில் ஊசித் துளைகளை அதுவே திறந்துவிடும். அதைவிடக் கொடியது, அது விட்டுச் செல்லும் குளோரைடு. விளிம்பு இடுக்குகளில் எஞ்சிய குளோரைடு உள்ளிருந்தே மீண்டும் துருவை விளைவிக்கும். கடற்காற்றில் இரும்பு விரைந்து அழிவதும் இதே உப்பினால்தான். திருவொற்றியூர்க் கடலோரத்தைவிட்டு 85 கிலோமீட்டர் உள்நாட்டுக்கு வந்த வண்டிக்கு, கடலின் தீமையைப் புட்டியில் அடைத்துக் கொடுப்பது போன்றது இச்செயல். இவ்வழியை நாம் பரிந்துரைக்க மாட்டோம். புகையை முகர்ந்து இருமும் சிறுவர்களைப் பட்டறைகளில் கண்டவர்கள் அதற்கு வேறு காரணமும் சொல்லுவார்கள்.

மெல்லிய அமிலங்கள் உள்ளன. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம், காடியில் உள்ள அசிட்டிக் அமிலம், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலம் ஆகியவை துருவைப் பொறுமையாக இளக்குகின்றன. ஒரு நாள், இரண்டு நாள் ஊற விட வேண்டும். பாஸ்பாரிக் அமிலத்தின் வழி சற்று வேறானது. துருவைக் கரைப்பதோடு, இரும்பின் மேல் மங்கலான சாம்பல் நிறப் பாஸ்பேட் படலத்தையும் விட்டுச் செல்லும். பர்மிங்ஹாம் நகரத்துத் தாமஸ் வாட்ஸ் கோஸ்லெட் என்பவர் 1906இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பாஸ்பாரிக் அமிலமும் இரும்புத் தூளும் கலந்த கொதிநீரில் இரும்புப் பொருள்களை முக்கியெடுப்பது அவர் முறை. சைக்கிள் உறுப்புகளுக்கு இம்முறை மிகுதியும் பயன்பட்டது. புல்லட் பிறந்த ரெட்டிச் அதே பர்மிங்ஹாமின் அண்டை ஊர். பாஸ்பரஸுக்கும் துருவுக்கும் உள்ள இப்பகையை நம் நாட்டுக் கொல்லர்கள் அறியாமலே பயன்கொண்டிருந்தனர். ஏறத்தாழ 1600 ஆண்டுகளாய் வெயிலிலும் மழையிலும் நிற்கும் தில்லி இரும்புத் தூண், பாஸ்பரஸ் மிகுந்த இரும்பால் ஆனது என்பதும், அதுவே ஒரு காப்புப் படலம் உருவாகத் துணை நின்றது என்பதும் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விரிவாக ஆராய்ந்து காட்டிய உண்மை.

இனி மின்சார வழி. இங்கேதான் கதை அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறது. மண்ணிலிருந்து தோண்டியெடுத்த பழம்பொருள்கள் காட்சிப் பேழைக்குள் வந்த பின்னும் அழிந்துகொண்டே இருந்ததைக் கண்டு கலங்கியவர்கள் ஐரோப்பிய அருங்காட்சியகத்தார். பெர்லின் அருங்காட்சியகம் 1888இல் இதற்கென ஒரு வேதியியல் கூடத்தை ஏற்படுத்தி, ஃபிரிட்ரிக் ராத்கென் என்பவரை அமர்த்தியது. பழம்பொருளை ஒரு கரைசலில் இட்டு, மின்கலத்தின் எதிர்முனையோடு இணைத்து, அரிப்பைப் பின்னோக்கித் திருப்பும் முறையை அவர் கையாண்டு, 1898இல் நூலாகவும் வெளியிட்டார். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் அதே கவலை வந்தது. தமிழகத்தின் வயல்களில் ஏர்முனையிலும், கோயில் வளாகங்களில் கடைக்காலிலும் அகப்பட்ட ஐம்பொன் படிமங்கள் புதையல் சட்டப்படி அங்கே வந்து குவிந்திருந்தன. அவற்றில் பலவற்றைக் குளோரைடு உள்ளிருந்து அரித்துப் பச்சைத் தூளாக்கிக்கொண்டிருந்தது. 1930இல் அங்கே ஒரு வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைந்தது. டாக்டர் எஸ். பரமசிவன் அதன் வேதியியலாளராக அமர்ந்து, மின்பகுப்பு முறையால் படிமங்களைக் காத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களின் வண்ணங்களை ஆராய்ந்தவரும் இவரே.

படிமத்துக்கும் பெட்ரோல் தொட்டிக்கும் என்ன ஒப்பு என்று வாசகர் கேட்கலாம். பொருளில் ஒப்பில்லை, வினாவில் ஒப்புண்டு. அழுக்கைப் போக்க வேண்டும், ஆனால் உருவைப் போக்கிவிடக் கூடாது என்பதே அவ்வினா. அமிலம் அழுக்கோடு உருவையும் தின்னும். மின்பகுப்பில் பொருள் எதிர்முனையாக இருக்கும்வரை நல்ல உலோகம் கரைவதே இல்லை. ஐம்பொன்னில் மெய்ப்பிக்கப்பட்ட இத்தத்துவம் இரும்புக்கும் பொருந்தும்.

எழும்பூர்க் கூடத்துக்கும் புதுப்பேட்டைக்கும் கூப்பிடு தூரம்தான். பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்புறுப்பாக விற்கும் புதுப்பேட்டைத் தெருக்களில் எத்தனையோ டேங்குகள் ஆசிட்டில் கழுவப்பட்டு ஓட்டையாகிக் காயலான் கடைக்குச் சென்றிருக்கும். ஒரு கூடத்தில் அறிந்தது அடுத்த தெருவுக்குப் போகவில்லை. நம் நாட்டில் அறிவு பெரும்பாலும் இவ்வாறே அடைபட்டுக் கிடக்கிறது என்பது நம் வருத்தம்.

அறிவைத் தொழிலோடு சேர்க்கும் எண்ணத்தோடு எழுந்ததே காரைக்குடி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தார். 1948 ஜூலை 25ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். மின்முலாம், மின்கலம் ஆகியவற்றோடு அரிமானம் அங்கே ஒரு தனித் துறையாக வளர்ந்தது. உப்புக்காற்று மிகுந்த மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை நிறுத்தி, அவை எவ்வளவு காலத்தில் எவ்வளவு தேய்கின்றன என்று அளந்தார்கள். இந்தியா முழுமைக்கும் அரிமான வரைபடம் ஒன்றையும் ஆக்கினார்கள். எந்த ஊரில் இரும்பு எவ்வளவு விரைவில் அழியும் என்று சொல்லும் வரைபடம் அது. நாட்டின் செல்வம் எங்கெங்கே கசிந்து போகிறது என்று காட்டும் கணக்கேடாகவும் அதைக் கொள்ளலாம்.

இவ்வழி பட்டறைக்கு வந்த கதையை ஆவணமாக எழுதியவர் எவரும் இலர். பள்ளி வேதியியல் பாடமாகவும், பாலிடெக்னிக் படித்த மகன் தந்தையின் பட்டறைக்குக் கொண்டுவந்த செய்தியாகவும், அண்மையில் கைப்பேசித் திரையில் கண்ட காட்சியாகவும் அது வந்திருக்கக் கூடும். வந்த வடிவம் எளியது. சென்ற கோடையில் திருத்தணிப் பட்டறை ஒன்றில் அதை நாம் நேரிற் கண்டோம். 1960களில் செய்த புல்லட் ஒன்றின் டேங்க். தந்தை ஓட்டியதை மகன் சீர்செய்ய வந்திருந்தார். புது டேங்க் வாங்கிவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. “உள்ளே கையை விட முடியாதே சார், கண்ணுக்குத் தெரியாத இடத்தைத்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் வெளியே இருக்கிற கோடு கையால் போட்டது. அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்கிறீர்களா?” என்றார் பட்டறைக்காரர். மகன் மறுபேச்சுப் பேசவில்லை.

முதலில் பெட்ரோல் முற்றிலும் வடிக்கப்பட்டது. சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவிப் பெட்ரோல் வாடையே இல்லாதபடி காற்றோட்டத்தில் வைக்கப்பட்டது. இதில் சோம்பல் கூடாது. வெறுமையாய்த் தோன்றும் டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. ஆவியும் காற்றும் கலந்திருப்பதால் ஒரு பொறியே போதும். பின்னர் காக் இருந்த துளையை அடைத்து, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் சலவைச் சோடா கரைத்த நீரை விளிம்புவரை நிரப்பினார். ஓர் இரும்புக் கம்பியை ரப்பர் அடைப்பான் வழியே, டேங்கின் சுவரை எங்கும் தொடாதபடி உள்ளே தொங்கவிட்டார். பாட்டரி சார்ஜரின் நேர்முனை கம்பிக்கு, எதிர்முனை டேங்கிற்கு. முனைகள் மாறினால் கம்பி பிழைக்கும், டேங்க் அழியும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை இதற்கு எடுக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரைசலில் இறங்கும். இதை அவர் அறிந்திருந்தார்.

சற்று நேரத்தில் நுண்ணிய குமிழிகள் எழுந்தன. டேங்கின் சுவரிலிருந்து வருபவை ஹைட்ரஜன். அருகே பீடி பற்றவைக்க அவர் எவரையும் விடவில்லை. சிவந்த துரு மெல்லக் கறுத்து, இளகி, குமிழிகளின் தள்ளுதலால் உதிரத் தொடங்கியது. கம்பியில் பழுப்புச் சேறு படிந்தது. மணிக்கொருமுறை அதை எடுத்துச் சுரண்டி மீண்டும் இட்டார். இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. மின்னோட்டம் கம்பியை நேருக்கு நேர் காணும் சுவரிலேயே நன்கு வேலை செய்யும். முதுகெலும்புப் பள்ளத்துக்கு அப்பாலுள்ள மடி நிழலில் நின்றுவிடும். ஆகவே கம்பியை வளைத்து ஒரு நாள் இம்மடிக்கும், மறுநாள் அம்மடிக்கும் என இரு நாள் நடந்தது.

கழுவிய பின் தாமதம் கூடாது. துரு நீங்கிய பச்சை இரும்பு, ஈரக் காற்றில் நிமிடங்களிலேயே மஞ்சள் பூக்கும். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடான காற்றைச் செலுத்தி உலர்த்தி, உடனே எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டினார். திருத்தணியின் காய்ந்த வெயில் இங்கே துணை செய்தது. உட்புறத்தில் பிசின் பூச்சு இடலாமா என்று மகன் கேட்டார். பட்டறைக்காரர் தயங்கினார். தயக்கத்துக்குக் காரணம் உண்டு. எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் படிப்படியாக வந்தது. 2022இல் பத்து விழுக்காடு கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் இருபது விழுக்காட்டுக் கலப்பு அறிமுகமாகி, 2025க்குள் நாடெங்கும் பரவியது. எத்தனால் நீரை ஈர்க்கும். ஓரளவுக்கு மேல் நீர் சேர்ந்தால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கும். அதற்கு ஈடுகொடுக்காத பழைய வகைப் பிசின்கள் இளகி, தோல் உரிவதுபோல் உரிந்து காக்கை அடைக்கும். கரும்பு உழவருக்கு நலம் என்று சொல்லப்படும் ஒரு திட்டம், 1960களின் தகட்டைக் கனவிலும் கருதியதில்லை. பூச்சு வேண்டா, டேங்கை எப்பொழுதும் நிறைத்து வையுங்கள், மாதமொருமுறை காக்கின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி நீர் இருக்கிறதா என்று பாருங்கள் என்று முடிவாயிற்று.

விளக்கை உள்ளே இறக்கிப் பார்த்தபொழுது சுவர்கள் மங்கிய சாம்பல் நிறத்தில் தெரிந்தன. ஒரு மடியின் முன்மூலையில் மட்டும், பற்றவைத்த விளிம்பை ஒட்டி, விரற்கடை அளவு கறுத்த படலம் எஞ்சியிருந்தது. இன்னொரு நாள் வைத்தால் அதுவும் போய்விடும் அல்லவா என்று மகன் வினவினார். பட்டறைக்காரர் விரல் நகத்தால் வெளிப்புறத்தில் அவ்விடத்தைத் தட்டிக் காட்டினார். மற்ற இடங்களில் எழுந்த ஓசை அங்கே எழவில்லை. தகடு அங்கே தாளளவு மெலிந்திருந்தது. படலத்தை எடுத்தால் பெட்ரோல் கசியும். அதனை அப்படியே விட்டுவிட்டு, மூடியை மாட்டினார்.